மாயாஜாலப் படத்தின் திரைக்கதைப் புத்தகம்: முதல்முறை வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரைக்கதைப் புத்தகம் கைக்கு வந்ததும் கண் தானாக வசனத்தைத் தேடி ஓடும். அது நம் பழக்கம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவை சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்களும் படம் எடுத்துத் தள்ளிய காலத்தில் சாதாரண ரசிகர் கையில் கிடைத்த சினிமாப் புத்தகம் இரண்டே வகை. ஒன்று கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். அதில் கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மிகுதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். இன்னொன்று கதை வசனப் புத்தகம். யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பதுதான் அதில் முக்கியம். அந்தக் கண்ணோடு ஒரு மாயாஜாலப் படத்தின் திரைக்கதையைத் திறந்தால், முப்பது பக்கம் தாண்டுவதற்குள் ஒன்றும் விளங்காமல் போகும். ஏனென்றால் மாயம் நடப்பதெல்லாம் இரண்டு வசனங்களுக்கு நடுவே, நாம் தாண்டிப் போகிற அந்த இரண்டு மூன்று விவரிப்பு வரிகளில்தான்.

ஆகவே ஒரே ஒரு விதியை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்: வசனத்தை வேகமாக வாசியுங்கள், விவரிப்பை மெதுவாக வாசியுங்கள்.

எந்தப் புத்தகம் கையில் இருக்கிறது?

வாங்கும் முன் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். அட்டையை நம்பினால் ஏமாறுவீர்கள். நல்ல உதாரணம் ஜே. கே. ரௌலிங்கின் ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் அண்ட் வேர் டு ஃபைன்ட் தெம்’. இந்தத் தலைப்பில் இரண்டு புத்தகங்கள் உண்டு. 2001இல் வந்தது மெலிந்த புத்தகம். மாயப் பிராணிகளை அகரவரிசையில் விவரிக்கும் கற்பனைப் பாடநூல். 2016 நவம்பரில் வந்தது அதே பெயருள்ள படத்தின் திரைக்கதை. 1926ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடக்கும் கதை. அதே 2016 ஜூலையில் வந்த ‘ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்’ வேறு வகை. அது மேடை நாடகப் பிரதி. நாவல் என்று நினைத்து வாங்கி விழித்தவர்கள் ஏராளம். இணையத்தில் ஆர்டர் போடும்போது ‘ஒரிஜினல் ஸ்கிரீன்ப்ளே’ என்ற சொற்கள் தலைப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

திரைக்கதை என்று போட்டிருந்தாலும் அதிலும் வகை உண்டு. படம் எடுக்கும் முன் எழுதியது ஒன்று; படப்பிடிப்புக்காகக் காட்சி எண் போட்டுத் திருத்தியது ஒன்று; முடிந்த படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி எடுத்தது இன்னொன்று. கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. காட்சி எண்களில் 24ஏ, 24பி என்று வந்தாலோ, ஓர் எண்ணுக்கு எதிரே ‘ஒமிட்டட்’ (நீக்கப்பட்டது) என்று மட்டும் இருந்தாலோ, அது படப்பிடிப்புப் பிரதி. எண் போட்டு ஷெட்யூல் எல்லோர் கைக்கும் போன பிறகு ஒரு காட்சியை நீக்கினாலோ புதிதாகச் சேர்த்தாலோ மற்ற எண்களை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் செட், உடை, லைட் என்று எல்லாத் துறையும் குழம்பும். அதனால்தான் காலி எண்ணும், ஏ, பி ஒட்டும். எண்ணே இல்லாமல், கேமரா பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப வரைவு. ஒவ்வொரு ஷாட்டும் நொடிக் கணக்கோடு இருந்தால் படம் முடிந்தபின் எழுதியது. கதை சொல்லும் கலையைப் படிக்க முதல் இரண்டும் பயன்படும். மூன்றாவது எடிட்டிங் படிக்க மட்டும்.

இணையத்தில் இலவசமாகச் சுற்றும் பிடிஎஃப்களில் ஒரு தொல்லை உண்டு. ரசிகர்கள் சப்டைட்டிலை எடுத்து, பெயர் போட்டு, ‘ஸ்கிரிப்ட்’ என்று ஏற்றிவிடுவார்கள். விவரிப்பு வரியே இல்லாமல் வசனம் மட்டும் பக்கம் பக்கமாக ஓடினால் மூடிவிடுங்கள். மாயாஜாலப் படத்துக்கு அது உப்பில்லாத கஞ்சி.

கொங்குப் பக்கம் புத்தகம் தேடுபவர்களுக்கு: ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை ஆண்டுதோறும் நடத்தும் புத்தகத் திருவிழாவிலும், கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் ஆங்கிலக் கடைகளில் சினிமா அலமாரியோடு நின்றுவிடாதீர்கள். இந்த வகைப் புத்தகத்தைச் சிறுவர் பிரிவிலோ ஃபேன்டஸி நாவல் வரிசையிலோ செருகி வைத்திருப்பார்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கேட்கும்போது ‘திரைக்கதை’ என்று கேட்பதைவிடப் படத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் அட்டையைத்தான் நினைவு வைத்திருப்பார்.

முதல் வாசிப்பு: ஒரே மூச்சில்

ஒரு பென்சில், ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு, இரண்டு மூன்று மணி நேரம். இவ்வளவுதான் தேவை. 300 பக்கம் என்றதும் மலைக்க வேண்டாம். திரைக்கதைப் புத்தகத்தில் பாதிக்குப் பாதி வெற்றிடம்.

ஹாலிவுட்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், இடப்பக்கம் ஒன்றரை அங்குல விளிம்பு விட்டுத் தட்டச்சு செய்த தாளுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு அது. அதுவும் தோராயம். அச்சுப் புத்தகத்தில் எழுத்துருவை மாற்றி, படம் போட்டு, இடைவெளி விட்டு அமைத்திருப்பார்கள். மேலே சொன்ன ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ திரைக்கதைப் புத்தகம் ஏறக்குறைய 300 பக்கம். படமோ 133 நிமிடம். ஆகவே புத்தகப் பக்கத்தை வைத்து நிமிடம் எண்ணாதீர்கள்.

முதல் வாசிப்பில் அகராதியைத் தொட வேண்டாம். தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சில் புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். பல புத்தகங்களில் கடைசியில் சினிமாக் கலைச்சொல் பட்டியல் இருக்கும் (‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ திரைக்கதையில் இருக்கிறது). முதல் பக்கத்துக்கு முன் அதை ஒருமுறை புரட்டுங்கள், போதும்.

கற்பனைப் பெயர்கள்தான் நிஜமான இடறல். பிராணிக்கு ஒரு பெயர், மந்திரத்துக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர் என்று வரிசையாக வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை வாய்விட்டுச் சொல்லி, காதில் எப்படி விழுகிறதோ அப்படித் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரே வரி: யார், எந்தக் காட்சியில் முதலில். வாயில் வராத பெயர் மண்டையிலும் நிற்காது. இருபது பெயர் தாண்டினால் பயப்பட வேண்டாம். அதில் ஏழெட்டுத்தான் கடைசிவரை வரும்.

படத்தை முன்பே பார்த்திருந்தால்? பரவாயில்லை. ஆனால் நடிகர் முகம் நினைவுக்கு வந்து, வரியில் இல்லாததையெல்லாம் இருப்பதாகக் காட்டும். அதனால் முதல்முறை பழகுபவர்கள் தாங்கள் பார்க்காத படத்தின் திரைக்கதையை எடுப்பது நல்லது.

காட்சித் தலைப்பு

ஒவ்வொரு காட்சிக்கும் மேல் ஒரு வரி இருக்கும். ஆங்கிலத்தில் ‘இன்ட்.’ (உள்) அல்லது ‘எக்ஸ்ட்.’ (வெளி), பிறகு இடம், பிறகு பொழுது. நம் ஊர்ப் பிரதிகளில் காட்சி எண், உள் அல்லது வெளி, இடம், பகல் அல்லது இரவு, அதோடு காட்சியில் வரும் ஆட்களின் பட்டியலும் இருக்கும். ஆங்கிலத்தில் ஆள் பட்டியல் கிடையாது. யார் இருக்கிறார்கள் என்பதை விவரிப்பிலிருந்து நீங்கள்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டு பேர் பேசும் அறையில் மூன்றாவதாக ஒருவர் மூலையில் உட்கார்ந்திருப்பதை வாசகர் மறந்துவிடுவார். அந்த மூன்றாமவர்தான் பின்னால் சூனியக்காரர் என்று தெரியவரும்.

உள், வெளி என்பது கேமரா நிற்கும் இடம். பாத்திரம் நிற்கும் இடம் அல்ல. பொள்ளாச்சி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே தென்னந்தோப்பைப் பார்த்தால் அது ‘உள் – பஸ்’. தோப்பில் நின்று பஸ் போவதைப் பார்த்தால் ‘வெளி – தோப்பு’. சாதாரணப் படத்தில் இதற்குப் பெரிய மதிப்பில்லை. மாயாஜாலப் படத்தில் உண்டு. ஒரு பெட்டியைத் திறந்து இறங்கினால் உள்ளே மலையும் ஆறும் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காட்சிக்கு எழுத்தாளர் உள் என்று போடுகிறாரா, வெளி என்று போடுகிறாரா? உள் என்று போட்டால் எவ்வளவு பெரிய உலகமாக இருந்தாலும் அது ஒரு பெட்டிதான், யாராவது மூடலாம். அந்தப் பயத்தை ஒற்றைச் சொல் சுமக்கிறது.

பொழுதும் அப்படித்தான். பகல், இரவு தவிர ‘கன்டினியஸ்’ என்று வந்தால் முந்தைய காட்சி அறாமல் தொடர்கிறது. ‘லேட்டர்’ என்றால் நேரம் கடந்திருக்கிறது. ஒருவர் கதவைத் திறந்து வேறு தேசத்தில் கால் வைக்கிறார், தலைப்பில் ‘கன்டினியஸ்’ இருக்கிறது என்றால் அது பயணமில்லை, மந்திரக் கதவு. தலைப்பைத் தாண்டி ஓடியவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

விவரிப்பு: மாயம் இருக்கும் இடம்

விவரிப்பு எப்போதும் நிகழ்காலத்தில் இருக்கும். திரையில் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும் அதில் வரலாம். ஒரு பாத்திரம் முதன்முதலாகத் திரையில் தோன்றும்போது பெயர் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருக்கும், பக்கத்தில் வயது. முக்கியமான ஒலி, பொருள், சில பிரதிகளில் கிராபிக்ஸ் வேலை, இவையும் பெரிய எழுத்தில் வரும். அது கத்தல் இல்லை. ஒலித்துறைக்கும் ப்ராப்பர்ட்டி ஆட்களுக்கும் போடுகிற கொக்கி.

பத்தி பிரிப்பைக் கவனியுங்கள். நல்ல எழுத்தாளர் கேமரா என்ற சொல்லே எழுதாமல், புதுப் பத்தி தொடங்குவதன் மூலம் புது ஷாட்டைச் சொல்லிவிடுவார். ஒரே வரிப் பத்தி வந்தால் பெரும்பாலும் நெருக்கக் காட்சி. நான்கு வரிப் பத்தி என்றால் அகலமான காட்சி. ஒவ்வொரு பத்தி முடிவிலும் அரை நொடி நின்று, முதலில் என்ன தெரிகிறது, நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பக்கத்துக்கு இது நச்சுப் பிடித்த வேலை. அப்புறம் தானாக வரும்.

விளக்கத்துக்காக நாங்களே எழுதிய ஒரு துண்டு கீழே. இடம் காங்கயம் பக்கத்துத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (போசி என்றால் பாத்திரம், சாளை என்றால் தோட்டத்து வீடு, அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா.)

காட்சி 7. வெளி – தோட்டத்துக் கிணறு – விடியற்காலை

வறண்ட கிணறு. சுற்றுச்சுவரில் காய்ந்த பாசி. செல்வி (11) தூக்குப்போசியைச் சுவர்மேல் வைக்கிறாள்.

போசியின் மூடி கடகடவென்று நடுங்குகிறது. பின்னால் பனையோலைகள் அசையவில்லை.

செல்வி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

செல்வியின் பார்வையில்: அடியில் தண்ணீர் இல்லை. நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்று இமைக்கிறது.

அம்மாயி (திரைக்கு வெளியே)
அம்மிணி, அங்க எட்டிப் பாக்காதன்னு சொன்னேனல்ல!

செல்வி
(கண்ணை எடுக்காமல்)
நான் பாக்கலீங்க அம்மாயி. அதுதானுங்க என்னையப் பாக்குது.

மூடியின் நடுக்கம் நிற்கிறது. சுவரில் செல்வியின் கை பட்ட இடத்தில் மட்டும் பாசி பச்சையாகிறது.

வெட்டு:

காட்சி 8. உள் – சாளை – அதே நேரம்

அம்மாயி (70) அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் இல்லை. ஊதுகுழலைக் கீழே வைத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறாள். ரேகைகளில் பச்சைப் பாசி.

வசனத்தை மட்டும் வாசித்தால் பேத்தியை அம்மாயி திட்டுகிறாள், பேத்தி வாயாடுகிறாள். அவ்வளவே. விவரிப்போடு வாசித்தால் வேறு கதை. மூடி நடுங்குகிறது என்றதோடு எழுதியவர் விடவில்லை. பனையோலை அசையவில்லை என்கிறார். காற்று என்ற சாக்கை முன்கூட்டியே அடைத்துவிட்டார். மாயத்தை எழுதுவதில் இது முக்கியமான உத்தி: இயற்கையான காரணத்தை முதலில் இல்லாமல் செய்ய வேண்டும். வாசிக்கும்போது இப்படிச் சாக்கை அடைக்கிற வரிகளைத் தேடுங்கள். அவை இல்லாத படத்தில் மாயம் வெறும் கிராபிக்ஸாக நிற்கும்.

அடுத்தது, ‘திரைக்கு வெளியே’. ஆங்கிலத்தில் ஓ.எஸ். (ஆஃப் ஸ்கிரீன்) என்று போடுவார்கள். பேசுபவர் அந்த இடத்தில், குரல் எட்டும் தூரத்தில் இருக்கிறார்; கேமராவில் மட்டும் இல்லை. வி.ஓ. (வாய்ஸ் ஓவர்) என்று போட்டால் கதையே மாறும். அது நினைவுக் குரலாக, கதைசொல்லியின் குரலாக, போனின் மறுமுனைக் குரலாக இருக்கலாம். பேசுபவர் அங்கே இருக்க வேண்டியதில்லை. இங்கே ஓ.எஸ். என்பதால் அம்மாயி பக்கத்தில் எங்கோ இருக்கிறாள், பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறோம். காட்சி 8 அவளை ஜன்னலில்லாத சாளைக்குள் வைக்கிறது. அப்படியானால் செல்வி எட்டிப் பார்த்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? உள்ளங்கையில் பதில் இருக்கிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார்கள். நம் ஊர்ப் பிரதிகள் சிலவற்றில் இந்த இரண்டுக்கும் சேர்த்துக் ‘குரல்’ என்று மட்டும் போட்டிருக்கும்; அப்போது முன்பின் காட்சிகளைப் பார்த்து நீங்கள் முடிவுசெய்ய வேண்டும்.

அம்மாயியின் வயது காட்சி 7இல் இல்லை, 8இல்தான் வருகிறது என்பதையும் பாருங்கள். குரலுக்கு வயது போட மாட்டார்கள். ஆள் திரைக்கு வரும்போதுதான் போடுவார்கள். ‘அதே நேரம்’ என்ற பொழுதுக் குறிப்பும் அலங்காரம் இல்லை. ‘சற்று நேரம் கழித்து’ என்று இருந்திருந்தால் அம்மாயி கிணற்றடிக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மாயம் அங்கேயே செத்துவிடும்.

அடைப்புக்குறிக்குள் வரும் ‘கண்ணை எடுக்காமல்’ நடிப்புக் குறிப்பு. இது அளவாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறேழு வந்தால் எழுத்தாளருக்குத் தன் வசனத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ‘பீட்’ என்று ஒற்றைச் சொல் வந்தால் சிறு நிறுத்தம், அவ்வளவே.

காட்சி மாற்றக் குறிப்புகளில் ரொம்பத் தங்க வேண்டாம். ‘கட் டு’ என்றால் நேர் வெட்டு. ‘டிசால்வ்’ என்றால் ஒன்று கரைந்து அடுத்தது வருவது, பெரும்பாலும் நேரம் போனதைச் சொல்ல. ‘மேட்ச் கட்’ வந்தால் மட்டும் நின்று பாருங்கள்; முந்தைய காட்சியின் கடைசி உருவமும் அடுத்ததின் முதல் உருவமும் ஒத்திருக்கும், அந்த ஒப்புமையில் எழுத்தாளர் ஏதோ சொல்லவருகிறார்.

இரண்டாம் வாசிப்பு: நோட்டுப் போடுதல்

இதை ஒரே நாளில் செய்யாதீர்கள். நாளைக்கு இருபது இருபத்தைந்து காட்சி போதும். நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஐந்து கட்டமாகப் பிரியுங்கள்: காட்சி எண், இடமும் பொழுதும், யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, என்ன மாயம். ஒரு காட்சிக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதினால் நீங்கள் கதையைத் திருப்பி எழுதுகிறீர்கள் என்று பொருள். உதவி இயக்குநர்கள் போடும் ஒன்லைன் (காட்சிவாரியான சுருக்கப் பட்டியல்) மாதிரி இருக்க வேண்டும்.

மாயக் கட்டத்தை நிரப்பும்போது மூன்று கேள்வி: என்ன மாறுகிறது? யார் பார்க்கிறார்கள்? அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மூன்றாவதுதான் கஷ்டம். பல காட்சிகளில் காலியாக இருக்கும். விலை இல்லாத மாயம் ஆரம்பத்தில் வேடிக்கைக்காக வரலாம். கடைசி அரைமணி நேரத்திலும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால், முடிவு உங்களுக்கு ஏன் உறைக்கவில்லை என்பதற்குக் காரணம் நோட்டிலேயே இருக்கும்.

தனிப் பக்கத்தில் அந்த உலகத்தின் சட்டங்களை எழுதிக்கொண்டே வாருங்கள். இரவில் மட்டும் பறக்கும். பெயர் சொன்னால் கட்டுப்படும். இரும்பு பட்டால் அழியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது முதலில் தெரிந்த காட்சி எண், மீறப்பட்ட அல்லது பயன்பட்ட காட்சி எண். நல்ல திரைக்கதையில் ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு எண் கிடைக்கும். ஒரே எண் கிடைத்தால் இரண்டில் ஒன்று: விதைத்துவிட்டு அறுவடை செய்ய மறந்திருக்கிறார்கள், அல்லது கடைசி நேரத்தில் தப்பிக்க ஒரு சட்டத்தைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டாவதை மன்னிக்கக் கூடாது. தொடர் படங்களின் முதல் பாகத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு கொடுக்கலாம். அடுத்த பாகத்துக்காக விட்டுவைத்திருப்பார்கள்.

நம் ஆட்கள் செய்யும் இன்னொரு தவறு, இடைவேளையைத் தேடுவது. ஹாலிவுட் திரைக்கதையில் இடைவேளை எழுதப்படுவதில்லை. நம் தியேட்டரில் படத்தை நிறுத்திய இடம் தியேட்டர் பார்த்து வைத்தது. அந்த இடத்தில் பெரிய திருப்பம் இல்லையே என்று எழுத்தாளரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் நடுப்பகுதியில் கதாநாயகனின் நோக்கம் மாறுகிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

காட்சியின் நீளத்தை அளக்க வேண்டுமென்றால் படப்பிடிப்பில் பக்கத்தை எட்டாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். காட்சி ‘மூன்று எட்டு’ என்றால் பக்கத்தில் எட்டில் மூன்று. அச்சுப் புத்தகத்திலும் இதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் மாயக் காட்சிகளில் இந்த அளவு ஏமாற்றும். ‘நகரம் இடிந்து விழுகிறது’ என்பது ஒரே வரி. திரையில் நான்கு நிமிடம் ஓடும், செலவிலும் பாதியைத் தின்னும்.

மூன்றாம் வாசிப்பு: படத்தோடு

இப்போது படத்தைப் போடுங்கள். முழுதாக இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக. காட்சியை முதலில் வாசித்து, பிறகு பார்த்து, பென்சிலால் ஓரத்தில் மூன்று குறி மட்டும்: வெட்டியது, இடம் மாற்றியது, புதிதாகச் சேர்த்தது. வசனம் கொஞ்சம் மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நடிகர் வாய்க்கு ஏற்ப அது மாறும். சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் மறுபடி எழுத்துக்கே போகும்.

வித்தியாசம் தென்பட்டதும் படம் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். பொறுங்கள். வெட்டிய காட்சி சொன்ன சேதி வேறெங்காவது ஒரு பார்வையிலோ ஒரு பொருளிலோ வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பத்துக்கு ஏழெட்டு இடத்தில் வந்திருக்கும். மீதி இடங்கள்தான் பேச வேண்டியவை.

ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்

வாசிக்கக் கற்றோமா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. சொந்தக் கதை வேண்டாம். கதை யோசிப்பதிலேயே நேரம் போகும். கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பல இரவுகள் பாடும் அண்ணன்மார் கதை இருக்கிறது. பொன்னர், சங்கர், தங்கை தங்காள், கொம்பன் என்ற பெரும் பன்றி, மாண்டவர் எழும் வீரப்பூர்ப் படுகளம் என்று மாயத்துக்குக் குறைவில்லை. கொம்பன் வரும் இடத்தை ஒரே பக்கத்தில் திரைக்கதையாக எழுதுங்கள்.

பாடகர் பன்றியின் பலத்தை உவமைமேல் உவமையாக அடுக்கி, நடுநடுவே உடுக்கையை அதிரவைத்து, கேட்பவரை நடுங்க வைப்பார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. பன்றி பெரியது என்று எழுத முடியாது. எதன் பக்கத்தில் நிற்கும்போது பெரியதாகத் தெரிகிறது என்று எழுத வேண்டும். கிளுவை வேலி அதன் முழங்காலுக்கு வருகிறதா? அது வரும் முன் கட்டுத்தரையில் மாடுகள் என்ன செய்கின்றன? முதலில் கேட்பது உறுமலா, வேர் அறுபடும் சத்தமா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினாலே பக்கம் நிரம்பிவிடும்.

அளவு: ஐந்து முதல் எட்டு விவரிப்புப் பத்தி, ஒவ்வொன்றும் நான்கு வரிக்குள். வசனம் மொத்தம் நான்கைந்து, ஒவ்வொன்றும் இரண்டு வரிக்குள். தமிழில் தட்டச்சு செய்தால் சொற்கள் நீளம், வரிகள் அதிகம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு இங்கே செல்லாது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, விவரிப்பை மனத்தில் ஓட்டி, வசனத்தை வாய்விட்டுச் சொல்லி நேரம் பாருங்கள்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் அடிக்க வேண்டியவை: பயங்கரமான, விசித்திரமான, வர்ணிக்க முடியாத என்ற அடைமொழிகள் (வர்ணிக்க முடியாது என்றால் கிராபிக்ஸ்காரர் எதை வரைவார்?), நினைத்தான், உணர்ந்தாள் என்ற வினைகள், வந்தது, பாய்ந்தது என்று இறந்தகாலத்தில் வழுக்கியவை, ‘ஐயோ, இது மந்திரப் பன்றிங்க’ என்று மாயத்தை விளக்கும் வசனம். இவற்றை அடித்தபின் பக்கத்தில் பாதியாவது மிஞ்சினால் முதல் முயற்சிக்கு நன்று.

கூட்டமாக வாசிக்க நினைப்பவர்களுக்கு

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் டீ வரும் நேரத்தில் கலைந்துவிடும். பாத்திரங்களைப் பங்கு போடும்போது நன்றாக வாசிப்பவரைக் கதாநாயகனாக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும்; அதைச் செய்யாதீர்கள். அந்த ஆளிடம் விவரிப்பைக் கொடுங்கள். காட்சித் தலைப்பையும் அவரே வாசிக்கட்டும், ஒரு எண்ணைக்கூட விடாமல். ஒரே ஆள் இரண்டு சிறு பாத்திரம் எடுக்கலாம், ஆனால் அந்த இரண்டும் ஒரே காட்சியில் வரக் கூடாது. முதல் நாளே நோட்டைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் விவரிப்பை அப்படியே வாசித்துவிட்டு, வசனத்தை மட்டும் அவரவர் அங்கேயே தம் பேச்சில் சொல்லலாம். சிரிப்பு வரும், இருந்தாலும் யார் யாருக்கு எந்த அளவு மரியாதை என்பது உடனே தெளிவாகும். ஆங்கில ‘யூ’ ஒன்றுக்கு ‘நீ’ என்பதா, ‘நீங்க’ என்பதா என்று முடிவுசெய்யும்போதே இரண்டு பாத்திரங்களின் உறவையும் முடிவுசெய்துவிடுகிறீர்கள்.

முதல் அமர்வில் பாதிப் புத்தகம் தாண்ட முடியாது. நிறுத்திய காட்சி எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த வாரம் அதற்கு இரண்டு காட்சி முன்னாலிருந்து தொடங்குங்கள்.